மஞ்சள் குளித்த ஆட்டுத்தோல்

எங்கள் குளியல் தொட்டியில் ஒரு செம்மறியாடு படுத்திருந்தது.

இவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். வேலை முடிந்து வந்து, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக் கதவைத் திறந்தவர், திறந்த வேகத்திலேயே சாத்தினார். பிறகு மெல்லத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தரை கூட்டும் தும்புத்தடியின் காம்பால் தொட்டித் தண்ணீரைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை மயிர்ச் சுருள்கள் ஒரு பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் எழுந்தன.

"இஞ்சாரும், தலை எங்க?" என்றார்.

"தலை இல்லை. தோல் மட்டும்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நான் எங்க குளிக்கிறது?"

வெள்ளிக்கிழமைகளில் முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடாத மனிதர். செத்த ஆட்டின் தோல் வீட்டுக்குள் ஏன் வந்தது என்று கேட்கவில்லை. தான் எங்கே குளிப்பது என்று மட்டும் கேட்டார். நான் சிரிக்கத் தொடங்கினேன். பிள்ளை பிறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சிரிப்பை நிறுத்த முடியாமல் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வாசகி, இந்தத் தொடரில் 'இவர்', 'இவர்' என்றே வருகிறதே, உங்கள் கணவருக்குப் பெயர் கிடையாதா என்று கேட்டு எழுதியிருந்தார். உண்டு. சிவசோதி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அரசாங்க அலுவலகங்களில் மட்டும்தான்.

கண்ணாடிப் பெட்டி

ரோவிலுக்கு நாங்கள் குடிவந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மெல்பேர்ண் நகரம் கிழக்கே போய்ப் போய்க் களைத்து நின்றுவிட்ட இடம் அது. அப்போதுதான் போட்ட தெருக்கள். தெரு முடியும் இடத்தில் முள்ளுக்கம்பி. கம்பிக்கு அப்பால் செம்மறிகள். காலையில் யன்னலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஏதாவதோர் ஆட்டின் முகமாகத்தான் இருக்கும்.

நாங்கள் குடிவந்த மறு குளிர்காலத்தில் வதனி பிறந்தாள். நான் நாற்பதைத் தாண்டியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், கோயில் கோயிலாகப் போய், பிறகு டாக்டர் டாக்டராகப் போய், கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்த பின்னால் வந்த பிள்ளை. அவளும் பொறுமையாக வரவில்லை. குறைமாதத்தில் பிறந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வட்டத் துவாரம். அதற்குள் கையை விட்டு ஒரு விரலை அவள் உள்ளங்கையில் வைப்பேன். அவள் பிடிப்பாள். அவ்வளவுதான் எனக்கு அனுமதி. வீட்டுக்குப் போய் மார்பில் கட்டிய பாலைப் பீய்ச்சிப் போத்தலில் அடைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயாக இல்லை, பால்காரியாக இருந்தேன்.

அவளை வீட்டுக்கு விட்ட பிறகும் சதை பிடிக்கவில்லை. தூங்கவில்லை. கண் அயர்வாள், உடனே துடித்து எழுந்து அழுவாள். அழுத களைப்பில் பால் குடிக்க மாட்டாள். குழந்தை நல நிலையத்தில் ஒரு சிஸ்டர் இருந்தார். உயரமான, நீலக்கரை வைத்த வெள்ளைச் சட்டை போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. ஒவ்வொரு முறையும் வதனியைத் தராசுத் தட்டில் கிடத்தி, தண்டின் மேலுள்ள எடையை நகர்த்துவார். பிறகு சென்ற முறை நின்ற அதே இடத்துக்குத் திரும்ப நகர்த்துவார். அந்தத் திரும்புகிற சத்தம், கிளிக் என்று ஒன்று, எனக்குக் கனவில் கேட்கும்.

ஒருநாள் அவர் சொன்னது இதுதான்: அடுத்த முறை வரும்போதும் எடை ஏறியிருக்காவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

நான் அந்த வட்டத் துவாரத்தை நினைத்துக்கொண்டேன்.

வாசல்வரை வந்த சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். சின்னப் பிள்ளைகளைச் செம்மறித் தோலில் கிடத்தினால் சூடு போகாது, உடம்பு உறுத்தாது, அழுது சக்தியை வீணாக்காமல் தூங்குவார்கள், தூங்கினால் எடை போடும். முயன்று பாருங்கள் என்றார்.

கடைத் தோலின் நீலம்

அன்றைக்கே பக்கத்து நகரமான டாண்டினோங்கில் ஒரு கடைக்கு ஓடினோம். அழகான தோல்கள், பால்போல வெள்ளை. இவர் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். நான் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மங்கலான நீலம்.

இரசாயனம் படிப்பித்தவளுக்கு உலகத்தில் நிம்மதி கிடையாது. நீலம் என்றால் குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் என்று தெரியும். அது பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர் சொன்னார். செய்யாதுதான். ஆனால் என் மனதில் ஆய்வுகூடத்து அலுமாரியும், அதில் குரோமியப் போத்தல்களின் மேல் நானே ஒட்டிய மண்டையோட்டுப் படமும் வந்து நின்றன. என் பிள்ளை அதன்மேல் வாயை வைத்துத் தூங்குவதா? தோலைத் திரும்ப வைத்துவிட்டேன்.

"அப்ப என்ன செய்யப் போறீர்?" என்று காரில் கேட்டார்.

"நானே பதனிடப் போறன்."

இவர் காரை ஓரமாக நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி ஓட்டினார்.

மான்தோல்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

எங்கள் வீட்டுச் சாமியறையில் மான்தோல் ஒன்று இருந்தது. அப்பா குளித்து, திருநீறு பூசி, அதன்மேல் உட்கார்ந்துதான் பூசை செய்வார். நாங்கள் பிள்ளைகள் அதை மிதிக்கக் கூடாது. அவ்வளவு ஆசாரமான தோல். அந்தத் தோலை யாரோ உரித்திருக்கிறார்கள், யாரோ கொழுப்பை வழித்திருக்கிறார்கள், யாரோ ஊறவைத்து நாற்றத்தைச் சகித்திருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூட நினைத்ததில்லை. அந்த வேலை செய்கிறவர்கள் எங்கள் கிணற்றடிப் பக்கம் வர முடியாது. தோல் மட்டும் நேரே சாமிக்குப் பக்கத்தில் போய்விடும்.

ரோவிலில், என் கொல்லைப் படியில், இளஞ்சூடு இன்னும் ஆறாத ஒரு முழுத் தோல் வந்து இறங்கிய அன்று இது எனக்கு நினைவு வந்தது. கொண்டுவந்தவன் கம்பிவேலிக்கு அப்பால் ஆடு வளர்க்கும் கெவின். நான் வேலியோரம் நின்று கேட்டபோது, இறைச்சிதான் கேட்கிறேனென்று நினைத்துவிட்டான். இந்தியாக்காரியும் ஒருவழியாக இறைச்சி தின்னத் தொடங்கிவிட்டாளே என்று அவனுக்குச் சந்தோஷம். நான் இந்தியாக்காரி இல்லை, இறைச்சியும் வேண்டாம், இறைச்சியைச் சுற்றியிருப்பது மட்டும் போதும் என்று விளங்கப்படுத்த வெகு நேரம் பிடித்தது. தோலைப் பதனிட உப்பும் படிகாரமும் வேண்டும் என்றான். மீதி தனக்குத் தெரியாது, தன் வீட்டில் தோலை விற்றுவிடுவார்கள் என்றான். தள்ளுவண்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான் என்று பின்னால் தெரிந்தது.

தோசைத் தட்டகப்பை

உப்பை அள்ளி அப்பினேன். அது ஒரு நாள். அடுத்த நாள் கொழுப்பு வழிப்பது. அதற்கு வளைந்த மரம் ஒன்று வேண்டும் என்று நூலகத்தில் பார்த்த பண்ணைப் பெண்களுக்கான புத்தகம் சொன்னது. என்னிடம் இருந்தது இஸ்திரிப் பெட்டியால் துணி தேய்க்கும் பலகை. ஒரு முனை கூம்பி, உயரமும் சரியாக இருந்தது. பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் தோலைக் கவிழ்த்தேன். கூர் இல்லாத, தட்டையான கத்தி வேண்டும் என்றும் புத்தகம் சொன்னது. குசினி இழுப்பறையெல்லாம் தேடினேன். கடைசியில் ஊரிலிருந்து கொண்டுவந்த தோசைத் தட்டகப்பைதான் கைக்கு வாய்த்தது.

தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால் ஓரத்திலிருந்து மெல்லக் கிளப்ப வேண்டும் இல்லையா? அதே கைப்பதம்தான். அவசரப்பட்டால் கிழியும். ஓரம் கிளம்பிவிட்டால் அகப்பையைப் படுக்கவைத்து ஒரே தள்ளாகத் தள்ளினால் சவ்வு முழுத்தாளாக உரிந்து வந்தது. முதல் துண்டை முகத்தைத் திருப்பிக்கொண்டு உரித்தேன். பத்தாவது துண்டு வந்தபோது நான் பாடிக்கொண்டிருந்தேன். என்ன பாட்டு என்று நினைவில்லை. வதனி பக்கத்தில் கூடைக்குள் கிடந்து, அழுவதை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கையைப் பார்த்தேன். அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். உதட்டோரம் சிரிப்பு வந்தது. எங்கள் கிணற்றடிக்கு இனி நானும் போக முடியாது.

இவர் அந்தத் தட்டகப்பையை ஒரு காகிதப் பையில் சுற்றிப் புறக்கொட்டிலில் வைத்தார். அதற்குப் பிறகு வெகு காலத்துக்கு எங்கள் வீட்டில் இட்டலிதான்.

ஒரு பிடி

சவர்க்காரம் போட்டு மயிரைக் கழுவி அலசியாயிற்று. படிகாரம் வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் எவ்வளவு என்று கேட்டார். நான் சொன்ன அளவைக் கேட்டு எதற்கு என்றார். பிள்ளைக்கு என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்ன பிறகுதான் தந்தார்.

படிகாரம் என்றால் எனக்குப் பழைய சிநேகிதம். எத்தனை வருடம், எத்தனை மாணவிகளுக்கு, நூலில் கட்டிப் பளிங்கு வளர்த்துக் காட்டியிருக்கிறேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உப்பையும் படிகாரத்தையும் கரைத்து, தோலை இறக்கினேன். கணக்கெல்லாம் சரி. அந்த இடத்தில் நான் ஒரு பூரண விஞ்ஞானி.

பிறகு குசினிக்குப் போய் மஞ்சள்தூள் போத்தலை எடுத்து வந்து, ஒரு பெரிய பிடி அள்ளித் தொட்டியில் போட்டேன்.

ஏன் போட்டேன்? இன்றைக்கும் இவர் கேட்பார். வாழைக்காய் வெட்டினால்கூட மஞ்சள் தண்ணீரில் போடுகிற கை இது. பச்சையாக எதுவும் வீட்டுக்குள் வந்தால் மஞ்சள். பிள்ளை படுக்கப் போகிற தோல், கிருமி கிடக்கக் கூடாது, மஞ்சள். மூளையைக் கேட்காமல் கை செய்துவிட்டது. துணியைப் படிகாரத்தில் தோய்த்துவிட்டுச் சாயத்தில் போட்டால் அந்தச் சாயம் பிறகு ஒருநாளும் போகாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே கைதான்.

நான் கிண்டிக்கொண்டிருந்ததை இவர் கதவுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார் என்று சொன்னேனே, அது இதற்குச் சற்று முந்தி. இரண்டு மூன்று நாள் கழித்து நாங்கள் இருவரும் சேர்ந்து தோலைத் தூக்கினோம். தண்ணீர் வடிந்தது. சரக்கொன்றைப் பூவைக் கொட்டிவைத்த மாதிரி அப்படியொரு மஞ்சள்.

"கலியாண வீட்டு ஆடு," என்றார் இவர்.

நீரில் அலசினோம். போகவில்லை. மறுபடி அலசினோம். இன்னும் பளிச்சென்று ஆயிற்று. கொல்லையில் சுழலும் துணிக்கொடியில் போட்டோம். காற்றுக்கு அது சுற்றச் சுற்ற, தெருவே வெளிச்சமானது. கெவின் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தான். பிறந்ததிலிருந்து ஆட்டோடுதான் இருக்கிறேன், முட்டையிலிருந்து பொரித்த ஆட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான்.

வாணியம்பாடிக்காரர்

தோல் காயத் தொடங்கும்போதுதான் உண்மையான வேலை. ஈரமாக இருக்கையில் இழுத்துப் பயனில்லை. காயவிட்டுவிட்டால் பலகை. இரண்டுக்கும் நடுவில், அரை ஈரத்தில், விடாமல் எல்லாப் பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது அந்தப் பதம் என்று புத்தகத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்தவர்களில் ராஜகோபால் என்று ஒருவர், இந்தியாவிலிருந்து வந்த இஞ்சினியர். சொந்த ஊர் வாணியம்பாடி. தோலுக்குப் பேர்போன ஊர். அவரைத்தான் கேட்க வேண்டும் என்று இவர் தொலைபேசி எடுத்தார். மறுபக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது.

"சார், ஊரு பூரா தோல்தான், ஆமா. ஆனா நான் மூக்கைப் பொத்திக்கிட்டு பஸ்ல போனதோட சரி. எதுக்குக் கேக்குறீங்க?"

எதற்கென்று இவர் சொன்னார். மறுபக்கத்தில் அவர் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "நாங்க சனிக்கிழமை கொழந்தைய பாக்க வர்றதா இருந்தோம். வர்றோம்," என்றார்.

வந்தார்கள். ராஜகோபால் கழுத்துப்பட்டி கட்டி, அவர் மனைவி பத்மா பட்டுச்சேலை உடுத்தி, கையில் பிள்ளைக்குச் சட்டையும் டப்பா நிறைய முறுக்கும். வரவேற்பறையில் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தொடங்கியபோது நான் எழுந்து கொல்லைக்குப் போய்த் தோலைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி குறைந்திருந்தது. ஓரம் விறைக்கத் தொடங்கியிருந்தது. பதம் வந்துவிட்டது. விருந்தாளிக்காக அது காத்திருக்காது.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டேன்.

இவர் ஒரு முனை, நான் ஒரு முனை. இழுத்தோம். இழுத்த இடம் வெளிறி, மெத்தென்று ஆயிற்று. விட்ட இடம் விறைத்தது. இரண்டு பேருக்கு நாலு கை, தோலுக்கு எத்தனையோ பக்கம். ராஜகோபால் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்து பார்த்தார். கோப்பையைப் படியில் வைத்தார். கழுத்துப்பட்டியைச் சட்டைக்குள் செருகினார். ஒரு பின்னங்காலைப் பிடித்தார். அதாவது அது இருந்த இடத்தை.

"பத்மா, வா. அந்தப் பக்கம் புடி."

"ஏங்க, பட்டுப்புடவை."

"மஞ்சள்தானே, மங்களகரம்தான். வா."

பத்மா கொசுவத்தை ஏற்றிச் செருகிக்கொண்டு வந்தார். நாலு பேரும் நாலு மூலை. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இழுத்தோம். கொஞ்சம் இழுத்தபின் கதிரை ஒன்றைக் கொல்லையில் போட்டு, அதன் முதுகில் தோலை இப்படியும் அப்படியும் தேய்த்தோம். மறுபடி இழுத்தோம். எல்லோருடைய கையும் மஞ்சள். சேர்ந்து இழுக்கத் தாளம் வேண்டுமே. இவருக்குத் தெரிந்த தாளம் ஒன்றுதான். நல்லூர்க் கந்தன் தேருக்கு வடம் பிடித்த மனிதர். தலையை நிமிர்த்தி, ரோவில் முழுவதும் கேட்க, "அரோகரா" என்றார்.

நாங்கள் மூவரும் "அரோகரா" என்று இழுத்தோம்.

முள்ளுக்கம்பிக்கு அப்பால் செம்மறிகள் வரிசையாக நின்று பார்த்தன. அவற்றைப் பார்த்துப் பத்மாவுக்குச் சிரிப்பு. "அவங்க வீட்டுக்காரங்கள்லாம் பாக்குறாங்க அக்கா," என்றார். அதற்குப் பிறகு எங்களால் இழுக்க முடியவில்லை. கையை விடவும் முடியாது. விறைத்துவிடும். நாலு பேரும் புல்லில் உட்கார்ந்து, நடுவில் தோலை விரித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, உட்கார்ந்தபடியே இழுத்தோம். பொழுது சாயும்போது தோல் சால்வைபோல மடிந்தது. வாணியம்பாடி என் கையால் பெருமை பெற்றது என்று சொல்லிக்கொண்டு ராஜகோபால் காரில் ஏறினார். பத்மாவின் சேலையில் என் ஐந்து விரலும் இருந்தன.

அன்றிரவு வதனியை அதன்மேல் கிடத்தினேன். அவள் கையை விரித்து மயிருக்குள் விட்டாள். விரல்கள் மெல்ல மூடின. தூங்கிவிட்டாள்.

சிவப்பு

சில இரவுகள் கழிந்து, எடை பார்க்கும் நாள் காலை.

நான் கண் விழித்தபோது யன்னல் திரைக்குப் பின்னால் வெயில் ஏறியிருந்தது. மார்பு பாரமாகக் கனத்தது. வீடு நிசப்தமாக இருந்தது. குளியலறையில் இவர் சவரம் செய்துகொண்டிருக்கும் தண்ணீர்ச் சத்தம் மட்டும். முந்திய இரவுகளில் பாலுக்கு எழுப்பிய வதனி இன்று ஒரு தடவைகூட என்னை எழுப்பவில்லை.

பிள்ளை எழுப்பவில்லை என்றால் சில தாய்மார் சந்தோஷப்படுவார்கள். நான் அப்படிப்பட்ட தாய் இல்லை.

தொட்டிலுக்கு ஓடினேன். அசையாமல் கிடந்தாள். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. இடுப்புக்குக் கீழே, மஞ்சள் மயிரில், கருஞ்சிவப்பாகப் பெரிய கறை ஒன்று பரவியிருந்தது.

நான் கத்தியது கெவின் வீட்டில் கேட்டதாம்.

என் சத்தத்தில் வதனி திடுக்கிட்டு விழித்துத் தானும் கத்தினாள். உயிர் இருக்கிறது. அவளைத் தூக்கினேன். துணியையெல்லாம் உருவினேன். இவர் ஒரு கன்னத்தில் நுரையும் மற்றக் கன்னம் மழித்ததுமாக ஓடிவந்தார். காயம் எங்கே என்று தேடினோம். ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து வருகிறதோ? அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. அது தோலிலிருந்து ஒட்டிய மஞ்சள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததெல்லாம் அந்த நிமிடம் என்னிடம் இல்லை. கண்ணாடிப் பெட்டி மட்டும்தான் இருந்தது.

"தோலையும் எடுங்கோ," என்றேன். "சிஸ்டருக்குக் காட்டவேணும்."

இவர் தோலை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினார். பின் இருக்கையில் வதனியை மடியில் வைத்து நான். தோல் எனக்குப் பக்கத்தில். வண்டி எங்கள் தெருவைத் தாண்டியிருக்காது. தோலைப் பார்த்தேன். அதில் இன்னொரு கறை இருந்தது. சற்று முன் இல்லாத கறை. ஐந்து விரல் பதிந்த, பெரிய, ஆண் கை. இரத்தச் சிவப்பு.

"உங்கட கையில காயமோ?"

"இல்லையே. சவர்க்காரம்."

சவர்க்காரம்.

காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஒரு துண்டு மஞ்சள் கடதாசியும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்துகாட்டுகிற வித்தை. இரவு முழுக்க மாற்றாமல் கிடந்து நனைந்த வதனியின் துணியில் காரம் இருந்திருக்கிறது. துணி தோய்ப்பது இவருடைய பொறுப்பு. சலவைச் சோடாவில் ஊறப்போட்டு, ஒரே ஒரு தண்ணீரில் அலசி, கொடியில் போட்டுவிடுவார்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். அது நல்ல சிரிப்பு இல்லை. நிறுத்த முடியவில்லை. இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார். இன்னும் வேகமாக ஓட்டினார்.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அதிகம் தூங்கிவிட்டால் இன்றைக்கும் நான் போய் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. படுக்கையைத்தான் பார்க்கிறேன்.

வினாகிரி

பாதி மழித்த முகத்தோடு உள்ளே வர மாட்டேன் என்று இவர் காரிலேயே இருந்துவிட்டார்.

சிஸ்டர் வதனியின் முதுகைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. மஞ்சள் காமாலை என்று நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பேசத் தொலைபேசிப் பக்கம் திரும்பினார். எனக்கு வந்த ஆங்கிலமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. தயவுசெய்து வினாகிரி இருக்கிறதா என்று கேட்டேன்.

தேநீர்க் கேத்தலின் உப்புப் படிவைக் கழுவ அந்தப் புளிக்காடியில் ஒரு போத்தல் வைத்திருந்தார்கள். நான் தோலை மேசையில் விரித்து, இவருடைய சிவப்புக் கையின் பெருவிரல் மேல் சில துளி விட்டேன். பெருவிரல் மஞ்சளாகிக் காணாமல் போயிற்று. சுட்டுவிரல் மேல் விட்டேன். அதுவும் போயிற்று. சிஸ்டர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்தார். வதனியின் கீழிமையை விலக்கிப் பார்த்தார். கண் வெண்மையாக இருந்தது. முதுகை ஈரப்பஞ்சால் துடைத்தார். பஞ்சு மஞ்சளாயிற்று. பிறகு, அதிகம் பேசாத அந்தப் பெண்மணி, கைகழுவும் தொட்டியிலிருந்த சவர்க்காரத்தை எடுத்து வந்து, தானே ஒரு விரலால் தோலில் தேய்த்துப் பார்த்தார். சிவந்தது. வினாகிரி விட்டார். மஞ்சளாயிற்று. மறுபடி தேய்த்தார். காத்திருந்த தாய்மார் இரண்டு பேர் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒரு தடவை செய்துகாட்டினார்.

அதன் பிறகுதான் கறை படிந்திருந்த இடத்தைப் பார்த்து, இவ்வளவு சோடா துணியில் இருந்தால் பிள்ளையின் தோல் எரியாதா என்று கேட்டார். வதனியின் தொடையிடுக்கில் இருந்த சிவந்த தடிப்பைக் காட்டினார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருந்த தடிப்பு. குறைமாதப் பிள்ளைக்கு வருவதுதான் என்று நாங்கள் எல்லோருமே விட்டுவிட்டது. அவள் துடித்துத் துடித்து எழுந்தது அதற்காகவும்தான். இனிமேல் துணியை நன்றாக அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விடச் சொன்னார்.

சரி, எடை பார்க்கலாம் என்றார்.

தட்டில் கிடத்தினார். குளிர்ந்த தட்டில் பட்டதும் வதனி வழக்கமாக அழுவாள். அன்று அழவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளை. விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சிஸ்டர் எடையைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். நான் கிளிக் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

தண்டு மேலேயே நின்றது.

கொஞ்சம் தள்ளினார். மேலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை தள்ளினார்.

நான் பிள்ளையை ஒரு கையிலும் தோலை மறு கையிலுமாக வாசலுக்கு வந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. தூரத்திலேயே இவர் காரை விட்டு இறங்கி நின்றார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. என் கையில் தொங்கிய சிவப்பும் மஞ்சளுமான தோலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஏறியிருக்கு," என்றேன். "நல்லா ஏறியிருக்கு."

இவர் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, பிள்ளைகளோடு உள்ளே போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தாய்மாரெல்லாம் நின்று திரும்பிப் பார்க்க, குளிர்காலத்து வானத்தை நோக்கி அரோகரா என்று சொல்லத் தொடங்கினார். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

மீதியை நான் சொன்னேன்.